அர்தேசிரின் சிறு பொறி

சென்னையில் திரு. வி. க. பாலத்தைக் கடந்து தென்கரையை அடைந்தால், ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அடையாறு என்னும் பகுதி தொடங்குகின்றது. அங்கு என் நண்பர் ஒருவர் வாழ்கின்றார். பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் தம் இல்லத்து மாடியறையில் நீண்ட பலகையொன்றன்மீது ஒரு சிற்றூரையே அமைத்து வைத்துள்ளார். மரத்தூளும் பசையும் கொண்டு செய்த குன்றுகள், அட்டையால் ஆகிய நிலையக் கட்டடம், கைகாட்டி மரங்கள், ஒரு விரல் அகலமே உள்ள இருப்புப்பாதை ஆகியன அதில் உள்ளன. மின்விசையால் ஓடும் சிறு புகைவண்டி அக்குன்றுகளைச் சுற்றிச் சுற்றி வரும்.

இவை யாவும் என்னை வியப்பில் ஆழ்த்தவில்லை. இத்தகைய விளையாட்டு வண்டிகளைக் கடைகளில் கண்டிருக்கின்றேன். என்னை நிற்கச் செய்தது பாதையோரத்தில் இருந்த ஒரு சிறு கொட்டகையே. அதனுள்ளே காப்பிக் குவளை அளவே உள்ள பித்தளைக் கொதிகலம் ஒன்று இருந்தது. நண்பர் அதில் அளந்து நீர் வார்த்து, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். சில நிமிடங்களில் நீர் கொதித்தது. நீராவி சிறு குழல் வழியே உருளையினுட் புகுந்து உந்து தண்டைத் தள்ள, சுழற்சக்கரம் மெல்லத் தயங்கிப் பின் விரைந்து சுழன்றது. சக்கரத்தினின்று ஒரு நூற்கயிறு அருகிலிருந்த நீரேற்றும் குழாயை இயக்கியது. நூலிழை போன்ற நீர்த்தாரை எழுந்து, புகைவண்டிகள் நீர் கொள்ளும் தொட்டியில் வீழ்ந்தது. பலகையின்மேல் இருந்த ஊர் அந்நொடியில் உயிர் பெற்றது போல எனக்குத் தோன்றிற்று.

மறைவாக ஒரு மின்பொறியை வைத்தால் இதே வேலை எளிதின் முடியுமே, நெருப்பும் நீரும் எண்ணெயும் கொண்டு இவ்வளவு தொல்லை எதற்கு என்று வினவினேன். கொட்டகைக்கு அடியில் தகரத் தட்டு ஒன்று இடப்பட்டிருந்தது. நீராவி பட்டு அட்டை வீடுகள் நனையாதிருக்க அப்பொறி பலகையின் ஓரமாக ஒதுக்கப்பட்டும் இருந்தது. அத்துணைத் தொல்லை அது தருகின்றது! நண்பர் கூறிய விடை சிறியது. குன்று குன்றின் சாயல். மரம் மரத்தின் சாயல். வண்டிகூட வண்டியின் சாயலே. இஃதொன்றே சாயலன்று, நீராவிப் பொறியே என்பது அவர் கருத்து.

எனினும் சிறிய பொறி பெரிய பொறியைப் போல நெடுநேரம் உழைக்க வல்லதன்று. அதற்குக் காரணம் உண்டு. ஒரு கொதிகலத்தின் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் புறப்பரப்பு நூற்றில் ஒரு பங்காகின்றது. அது கொள்ளும் நீரோ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகின்றது. எனவே உள்ளிருக்கும் நீரின் அளவை நோக்க, வெப்பம் வெளியேறும் பரப்பு பத்து மடங்கு மிகுந்து விடுகின்றது. உருளைக்கும் இஃது ஒக்கும். கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் 1763ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜேம்ஸ் வாட் என்பவர் பழுது பார்க்கப் பெற்றதும் ஒரு சிறு மாதிரிப் பொறியே. அது சிலமுறை அசைந்தபின் நின்று விடுவதைக் கண்டு அதன் காரணத்தை ஆராய்ந்ததனாலேயே, பெரிய பொறிகளிலும் நீராவி எவ்வளவு வீணாகின்றது என்பது அவருக்குப் புலனாயிற்று.

தமிழில் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைப் பயின்றோர் சிறுதேர்ப் பருவத்தை அறிவர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியது அதுவே. பாட்டுடைத் தலைவன் சிறு குழந்தையாய்ச் சிறிய தேரை உருட்டி விளையாடுவதாகப் புலவர் பாடுவர். நான் இதனைக் கூறியபோது நண்பர் நகைத்துச் சிறுதேர் உருட்டிய ஒருவர் பெருங்கலம் ஓட்டிய வரலாற்றைக் கூறத் தொடங்கினார். மாணவர்களே, அவர் கூறியதும், பின்னர் நான் நூல்களில் கண்டு தெளிந்ததுமே இனி வருவது.

பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் கட்டும் தொழிலை வழிவழியாகச் செய்து வந்த பார்சிக் குடும்பம் ஒன்று உண்டு. சூரத் நகரிலிருந்து 1736ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் அழைத்து வரப்பட்ட லவ்ஜி நசர்வான்ஜி என்னும் தச்சரே அக்குடும்பத்தின் முதல்வர். வாடியா என்பது அவர்கள் குடிப்பெயர். கப்பல் கட்டுவோர் என்பது அதன் பொருள். மேற்கடற்கரைத் தேக்கால் அவர்கள் கட்டிய கலங்கள் ஆங்கிலேயக் கடற்படையிலேயே பெருமதிப்புப் பெற்றிருந்தன. ஓக் மரக் கலங்கள் சில ஆண்டுகளில் உளுத்துப் போகத் தேக்குக் கலங்கள் தலைமுறை கடந்தும் நின்றன. அவர்கள் 1817ஆம் ஆண்டில் கட்டி முடித்த ‘திரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதந்து கொண்டிருக்கின்றது. நம் திருகோணமலையின் பெயர்தான் ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது.

இக்குடும்பத்தில் 1808ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் அர்தேசிர் கர்சேட்ஜி பிறந்தார். பதினான்காம் வயதில், 1822ஆம் ஆண்டில், கப்பற்றுறையில் தந்தையாரிடம் தொழில் கற்கப் புகுந்தார். மரம் தேர்தல், வளை மரம் இழைத்தல், பலகை பொருத்துதல், இடைவெளியடைத்தல் என்று முன்னோர் கற்ற முறையிலேயே அவரும் கற்றார். அவர் அவ்வாறே இருந்திருப்பின் நல்ல தச்சர் எனப் பெயர் பெற்று, குடும்ப வரலாற்றில் ஒரு வரியாக நின்றிருப்பார்.

ஆனால் அக்காலத்தில் உலகம் மாறிக் கொண்டிருந்தது. பம்பாயில் 1829ஆம் ஆண்டில் ‘ஹியூ லிண்ட்சே’ என்னும் நீராவிக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது புறப்பட்டு, ஏடன் வழியாகச் செங்கடலின் வடகோடியில் உள்ள சூயசை அடைந்தது. காற்றுக்குக் காத்திராமல் ஒரு கலம் அரபிக் கடலைக் கடந்த செய்தி பம்பாய் முழுதும் பேசப்பட்டது. அக்கப்பலின் உடலைக் கட்டியவர்கள் வாடியாக்களே. அதன் பொறிகளோ இங்கிலாந்திலிருந்து வந்தவை.

அர்தேசிருக்கு அப்போது வயது 21. உடல் நம்முடையது, உயிர் அவர்களுடையது என்னும் நிலை ஒரு தொழிற்குடும்பத்துக்கு எத்துணை அச்சம் தருவது என்பதை எண்ணிப் பாருங்கள். பாயும் பாய்மரமும் போய்ப் பொறியே கப்பலின் நெஞ்சாகிவிடுமாயின், நெஞ்சைப் படைக்க அறியாத தச்சன் வெறும் பெட்டி செய்பவனாகி விடுவான். நூறாண்டுப் புகழ் உடைய அக்குடும்பத்தில் பலரும் அம்மாற்றத்தைக் கண்டனர். அதனை உள்புகுந்து அறிந்தே தீர்வது என்று முனைந்தவருள் அர்தேசிர் தலையாயவர்.

நீராவிப் பொறியியலைக் கற்பிக்கும் கல்லூரி அந்நாளில் பம்பாயில் இல்லை. ஆகவே அவர் தாமே ஒரு பொறி செய்யத் துணிந்தார். ஒரு குதிரை ஆற்றலுடைய சிறிய நீராவிப் பொறி அது. ஒரு குதிரை ஆற்றல் என்பது ஏறக்குறைய 75 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறனாகும். கப்பல்களை இயக்கும் பொறிகளுக்கு முன் இது குழந்தையே. எனினும் குழந்தைக்கும் பெரியவர்க்கும் உறுப்புகள் ஒன்றே அல்லவா? உருளையை வளைவு சுளிவின்றிக் கடைய வேண்டும். உந்து தண்டு அதனுள் நீராவி கசியாதவாறும், இறுகி நில்லாதவாறும் பொருந்த வேண்டும். கொதிகலத்தின் தையல்கள் அழுத்தம் தாங்க வேண்டும். நீராவியை உரிய நொடியில் உள்ளே விட்டு உரிய நொடியில் வெளியேற்றும் வால்வு தவறாது இயங்க வேண்டும். மரத்தில் ஒரு நூலிழை பிசகினால் இழைத்துச் சரி செய்துவிடலாம். இரும்பும் பித்தளையும் அவ்வாறு மன்னிப்பன அல்ல. மரத்தோடு வளர்ந்த கைகள் உலோகத்துக்குப் பழக வேண்டியிருந்தது.

பொறி இயங்கியது. அதனைக் கொண்டு அர்தேசிர் என்ன செய்தார்? தம் வளாகத்துக் கிணற்றிலிருந்து நீரை ஏற்றி ஒரு சிறு நீரூற்றை இயங்க வைத்தார். காண்போர் அதனைச் செல்வர் வீட்டு அலங்காரமாகவே கருதியிருப்பர். அடையாற்று மாடியறையில் நூலிழை நீரைக் கண்டு நான் எண்ணியதும் அதுவே. இவ்விரண்டு பொறிகளுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்துள்ளன. செய்யும் வேலை மாறவில்லை.

இந்தியர் கையால் நீராவிப் பொறி உருவானது அதுவே முதன்முறையென்று எண்ணிவிட வேண்டா. வங்காளத்தில் டிட்டாகர் என்னும் ஊரில் வாழ்ந்த கோலோக் சந்திரர் என்னும் கருமார், செராம்பூர்க் காகித ஆலையில் இருந்த பொறியைப் பார்த்துப் பார்த்தே தாமும் ஒன்று செய்து, 1828ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடந்த வேளாண்மைக் காட்சியில் வைத்து 50 ரூபாய் பரிசு பெற்றார். அவரைப் பற்றி அதற்குமேல் வரலாறு பேசவில்லை. செல்வமும் குடிப்பெருமையும் உடைய அர்தேசிருக்கு வாய்த்த வழிகள் அக்கருமாருக்கு வாய்க்கவில்லை. இரண்டு பொறிகளும் ஒரே காலத்தவை. ஒன்று பரிசோடு நின்றது, மற்றொன்று மேலே சென்றது. இதனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகின்றது.

அர்தேசிர் 1833ஆம் ஆண்டில், தம் 25ஆம் வயதில், ‘இண்டஸ்’ என்னும் 60 டன் கலத்தை வகுத்துக் கட்டி நீரில் இறக்கினார். பின்னர் அதில் நீராவிப் பொறியைப் பொருத்தினார். தோட்டத்தில் கற்றது கடலுக்கு வந்தது. அடுத்த ஆண்டில் மசகான் பகுதியில் இருந்த தம் இல்லத்தையும் தோட்டத்தையும் வாயு விளக்குகளால் ஒளிரச் செய்தார். பம்பாய் நகரம் அத்தகைய விளக்கை அதற்குமுன் கண்டதில்லை. ஆளுநராக இருந்த கிளேர் பிரபு அதனைக் காண நேரில் வந்தார். பம்பாயின் தெருக்களில் வாயு விளக்குகள் எரிய அதற்குப்பின் 30 ஆண்டுகளுக்கு மேலாயின.

கற்றது போதாது என்ற எண்ணம் அவரை விடவில்லை. கம்பெனியாரின் இசைவு பெற்று 1839ஆம் ஆண்டில், எகிப்து நாட்டின் வழியாகச் செல்லும் தரைவழியே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அவருடைய உறவினர் இருவர் அதற்குமுன்பே கப்பற்கலை பயில அங்குச் சென்றிருந்தனர். அர்தேசிர் நாடிச் சென்றதோ நீராவிப் பொறிக் கலையை. அங்குள்ள தொழிற்சாலைகளில் பொறிகள் வார்க்கப்படுவதையும் கடையப்படுவதையும் அணுகி நின்று கற்றார். வழிப்பயணத்தில் எழுதிய நாட்குறிப்பு 1840ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக அச்சேறியது.

இலண்டனில் ராயல் சொசைட்டி என்னும் அறிவியற் கழகம் ஒன்று உண்டு. நியூட்டன் தலைமை வகித்த கழகம் அது. அதன் உறுப்பினராதல் அறிவியலாளர்க்குக் கிடைக்கும் பெருஞ்சிறப்புகளுள் ஒன்று. 1841ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் அக்கழகம் அர்தேசிரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியருள் அச்சிறப்பை முதலிற் பெற்றவர் அவரே. அவருக்காக அளிக்கப்பட்ட பரிந்துரையில் காட்டப்பட்ட தகுதிகளுள், பம்பாயில் வாயு விளக்கை ஏற்றியதும், 60 டன் கலத்தில் நீராவிப் பொறியைப் பொருத்தியதும் இடம்பெற்றன. நம் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் பயின்ற கணித மேதை இராமானுசன் இதே சிறப்பைப் பெற்றது 1918ஆம் ஆண்டில். இடையே 77 ஆண்டுகள். அவ்வளவு காலமும் அக்கழகத்தின் ஏட்டில் வேறோர் இந்தியர் பெயர் ஏறவில்லை.

அதே 1841ஆம் ஆண்டில், பம்பாயில் இருந்த கம்பெனியாரின் நீராவித் தொழிற்சாலைக்குத் தலைமைப் பொறியாளராகவும் இயந்திரங்களின் கண்காணிப்பாளராகவும் அர்தேசிர் அமர்த்தப்பட்டார். அத்தொழிற்சாலையில் ஐரோப்பியர் பலர் அவருக்குக் கீழே பணிபுரிய வேண்டியிருந்தது. இது சிலருக்குப் பொறுக்கவில்லை. பம்பாயில் வெளிவந்த ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்று இந்நியமனத்தைக் குறை கூறி எழுதியது. இந்தியர் ஒருவர் எத்துணைத் திறமை உடையவராயினும் ஐரோப்பியர்மேல் தலைவராக இருத்தல் பொருந்தாது என்பதே அதன் வாதம். திறமையை மறுக்க இயலாதபோது பிறப்பைக் காட்டி மறுப்பது எக்காலத்தும் உள்ள வழக்கமே.

அர்தேசிர் இதற்குப் பதில் எழுதிப் போரிட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. தொழிற்சாலையில் அவர் இருந்தார். கப்பல்கள் பழுதோடு வந்தன, பழுதின்றிச் சென்றன. பதினாறு ஆண்டுகள் அவர் அப்பொறுப்பில் இருந்தமையே அவர்க்குரிய விடை என்று கொள்ளலாம்.

அவர் 1849ஆம் ஆண்டில் கடல் கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றார். மரம் அறுக்கவும் இழைக்கவும் அங்கே பயன்பட்ட இயந்திரங்களைக் கண்டு வியந்து, பம்பாய்க் கப்பற்றுறைக்கென்று சிலவற்றை வாங்கினார். கைவாளும் இழைப்புளியும் பிடித்துக் கற்ற தச்சர், அவ்வேலையை இயந்திரம் செய்வதைக் கண்டபோது என்ன நினைத்தாரோ! தையற்பொறி, நிழற்படக்கலை, மின்முலாம் பூசுதல் ஆகியவற்றையும் பம்பாய்க்கு அறிமுகம் செய்தவர் அவரே என்பர்.

1851ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ‘லவ்ஜி பேமிலி’ என்னும் நீராவிக் கப்பல் பம்பாயில் நீரில் இறக்கப்பட்டது. முன்னோரான லவ்ஜியின் குடும்பத்தின் பெயரையே அர்தேசிர் அதற்கு இட்டார். அக்கப்பலின் உறுப்புகள் யாவும் பம்பாயிலேயே செய்யப்பட்டவை. இளமையில் அவர் கண்ட ‘ஹியூ லிண்ட்சே’ கப்பலுக்குப் பொறி கடல் கடந்து வந்தது. இப்போது உடலும் உயிரும் ஓரிடத்தே பிறந்தன. இடையே கழிந்தவை 22 ஆண்டுகள்.

அர்தேசிரின் வாழ்வில் மகிழ்ச்சிக்குரிய இடம் இதுவே. ஆனால் அவர் குடும்பத்தின் தொழில் இதனால் பிழைத்துவிட்டது என்று கூறுதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கலம் போய் இரும்புக்கலம் வந்தது. இரும்பும் நிலக்கரியும் பெருந்தொழிற்சாலைகளும் இங்கிலாந்தின் கையில் இருந்தன. இங்கே கப்பல் கட்டுவிக்கும் விருப்பம் ஆள்வோர்க்குக் குறைந்தது. பம்பாயில் பெருங்கலங்கள் பிறந்த துறை வரவரப் பழுது பார்க்கும் துறையாகச் சுருங்கியது. ஒருவர் எவ்வளவு கற்றாலும், அவர் கல்விக்கு இடங்கொடுக்கும் தொழிலும் ஆட்சியும் நாட்டில் இருக்க வேண்டும். இல்லையேல் அக்கல்வி அவரோடு நின்றுவிடும்.

1857ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அர்தேசிர் கம்பெனிப் பணியினின்று ஓய்வு பெற்றார். பின்னர் 1861ஆம் ஆண்டில் சிந்து நாட்டில் கோத்ரி என்னும் இடத்தில், சிந்து ஆற்றில் ஓடிய நீராவிக் கலங்களுக்குத் தலைமைப் பொறியாளராக மீண்டும் அழைக்கப்பட்டார். இரண்டாண்டுகள் அங்கே பணியாற்றினார். அவர் முதலில் கட்டிய சிறு கலத்துக்கு ‘இண்டஸ்’ என்று பெயரிட்டதை நினைவு கூருங்கள். அது சிந்து ஆற்றின் பெயரே. இறுதிப் பணியும் அவ்வாற்றிலேயே அமைந்தது.

அதன்பின் அவர் இங்கிலாந்து சென்று, இலண்டனை அடுத்த ரிச்மண்டில் குடியமர்ந்தார். 1877ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தம் 69ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

அவர் ராயல் சொசைட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மே 27ஆம் நாளிலேயே, 1969ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை ஒன்றை வெளியிட்டது. அடையாற்று நண்பர் அவ்வஞ்சல் தலைகளுள் ஒன்றைத் தேடி வாங்கி, பாதையோரத்துச் சிறு கொட்டகையின் உட்சுவரில் ஒட்டி வைத்திருக்கின்றார். பக்கத்திலேயே கொதிகலம் இருப்பதால் அதன் ஓரங்கள் சற்றே பழுப்பேறி விட்டன.